ஒரு மூச்சுக்கு எத்தனை பறவை

சேசு மரி சூசை துணை

மாப்பிள்ளையூரணி உடங்காடு
7 ஜனவரி 1944, வெள்ளிக்கிழமை

நாசரேத் ஞானதீபம் டீச்சரம்மா அவர்களுக்குக் காட்டுக் காவல்காரன் இனிகோ எழுதுவது.

ஒரு எழுத்து யானை போலவும் அடுத்தது எறும்பு போலவும் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகளும் நங்கூரம் அறுந்த தோணி மாதிரி ஒரு பக்கமாக இறங்கிப் போகின்றன. என் அறுபத்து நான்கு வயதில் நான் எழுதும் முதல் கடிதம் இது. இந்த இடம் வருவதற்குள் வெயில் குடிசை வாசலிலிருந்து அடுப்பு வரைக்கும் வந்துவிட்டது.

போன மழைக்காலத்தில் கால் ஒடிந்து இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன் அல்லவா? பக்கத்துக் கட்டிலில் ஜெபசீலன் என்று அச்சாபீசில் எழுத்துக் கோக்கிறவர் படுத்திருந்தார். பொழுது போகாமல் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார். ஊர் திரும்பிய அன்று பஸ்ஸின் நெற்றியில் இருந்த பெயரை நானே வாசித்தேன். இத்தனை காலமும் ஊர் முழுக்க எழுதித்தான் வைத்திருக்கிறார்கள், எனக்குத்தான் தெரியாமல் இருந்திருக்கிறது!

விஷயத்துக்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை ஒரு ஆள் சுண்ணாம்பு வாளியோடு வந்து மரம் மரமாகக் குறி போட்டான். கரி கண்டிராக்டர் அனுப்பிய ஆளாம். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரியில் ஓடுகிறதே, அதற்கு உடைமரக் கரிதான் நின்று எரியுமாம். ஆறு ஏக்கர் காட்டையும் நீங்கள் வெட்டக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். நான் நம்பவில்லை. நம்பாததால் எழுதுகிறேன்.

அம்மா, நான் குளியாளி. முத்துக்கும் சங்குக்கும் மூச்சடக்கிக் கடலுக்கு அடியிலே பாதி ஆயுசைக் கழித்தவன். மூச்சு குறைந்து கரை ஏறியபோது உங்கள் வீட்டு ஐயா, ஆண்டவர் அவருக்கு இளைப்பாற்றி கொடுக்கட்டும், இந்தக் காவலைக் கொடுத்தார். முதல் நாள் விடியற்காலையில் இந்தக் காட்டுப் பறவைகளைக் கண்டபோது, பாறைமீன்களெல்லாம் மரத்தில் ஏறிக்கொண்டனவோ என்று நின்றுவிட்டேன். அத்தனை நிறம். அவை எங்கே போகும் என்று யோசித்தீர்களா?

பதில் எழுதவும்.

இனிகோ


நாசரேத்
12 ஜனவரி 1944

இனிகோ அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்களே எழுதியதா என்று இரண்டு தடவை பார்த்தேன். சந்தோஷம்.

செய்தி உண்மைதான். மார்ச் முதல் தேதி மரம் வெட்ட ஆள் வரும். வேரையும் அவர்களே பெயர்த்துக் கொடுப்பார்கள். பிறகு அந்த நிலத்தையும் பக்கத்து வயலைப் பயிரிடும் சிவனாண்டியே உழுது கம்பும் பருத்தியும் போடுவான். காலையில் ஜெபத்துக்கு நிற்கும்போதே பசியில் மயங்கி விழும் பிள்ளைகளை நான் தினமும் தூக்கிப் படுக்க வைக்கிறேன். அரிசிக்கு ஊர் ஊராக வரிசை நிற்கிற காலத்தில் ஆறு ஏக்கரை முள்மரத்துக்கு விட்டுவைப்பது பாவம் என்று என் மனம் சொல்கிறது. தரிசை உழச் சொல்லித் தாலுகா ஆபீசிலிருந்தும் தாள் வந்திருக்கிறது.

சிவனாண்டியும் ஆள் வைத்து எழுதியிருக்கிறான். காட்டில் அடையும் பறவைகள் கதிரில் மூன்றில் ஒரு பங்கைத் தின்கின்றனவாம். நிலத்தைப் பாடுபட்டு உழுகிறவன் சொல்வதை நான் தள்ள முடியாது.

நான் முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்துகிறவள். உருக்கமான பேச்சு என்னிடம் செல்லாது. பறவைகளால் நன்மை உண்டென்றால் எண்ணிக் காட்டுங்கள்.

இன்னொன்று. மரங்களில் போட்ட சுண்ணாம்புக் குறிகள் மறுநாளே மறைந்துவிட்டதாகக் கண்டிராக்டர் எழுதியிருக்கிறார். அங்கே மழை பெய்ததா?

ஞானதீபம்


சேசு மரி சூசை துணை

உடங்காடு
21 ஜனவரி 1944, வெள்ளிக்கிழமை

டீச்சரம்மா அவர்களுக்கு,

மழை பெய்யவில்லை. தேங்காய் நாரை வைத்து நான்தான் தேய்த்தேன். போன ஞாயிற்றுக்கிழமை சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். உங்களிடமும் சொல்லியாயிற்று.

உங்கள் கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் ஆயிற்று. நான் அச்செழுத்தில் படித்தவன். உங்கள் எழுத்தோ ஒன்றின் வாலை ஒன்று பிடித்துக்கொண்டு ஓடுகிறது. எனக்கு எழுதும்போது கொஞ்சம் நிற்க வைத்து எழுதினால் புண்ணியம்.

எண்ணச் சொன்னீர்கள், எண்ணினேன். எப்படி என்று கேளுங்கள். கடலில் சிப்பி விளைந்து கிடக்கும் திட்டைப் பார் என்போம். முத்துக் குளிப்புக்கு முன்னால் துரைமார் வந்து அந்தப் பாரைச் சோதிப்பார்கள். அங்கங்கே குளியாளியை இறக்கி, ஒரு மூச்சுக்கு எத்தனை சிப்பி அகப்பட்டது என்று எழுதிக்கொள்வார்கள். அதை வைத்து முழுப் பாருக்கும் கணக்குச் சொல்வார்கள். நான் அந்த வேலை பார்த்தவன். அதனால் காட்டில் இருபது இடம், பக்கத்து வயலில் இருபது இடம் குறித்துக்கொண்டேன். ஒவ்வொரு இடத்துக்கும் வேகமாகப் போவது, மூச்சைப் பிடிப்பது, மூச்சு முட்டும்வரை கண்ணில் பட்ட பறவையை எண்ணுவது, அடுத்த இடத்துக்கு ஓடுவது.

நான் வயல் நடுவே கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்பதைப் பார்த்துச் சிவனாண்டி கம்பங்கதிருக்குள்ளிருந்து எழுந்தான்.

“என்ன பெரியவரே, வாய்க்குள்ள என்ன வச்சிருக்கீரு?”

மூச்சு முடியும்வரை நான் பேசவில்லை. பிறகு சொன்னேன்.

“ஏலே, பறவை எண்ணுதேன். டீச்சரம்மா உத்தரவு.”

“சிப்பி எண்ணுதமாதிரியா? சரிதான். கழுத்துல கயித்தக் கட்டும், நான் மேல இழுக்கேன்.”

அவன் பெண்சாதி சுடலைமாடத்தி சிரித்த சிரிப்பில் ஒரு கூட்டமே பறந்துவிட்டது. அந்த இடத்தை மறுபடி எண்ணவேண்டியதாயிற்று.

கணக்கு இது. வயலில் இருபது மூச்சுக்கு 412 பறவை. காட்டில் இருபது மூச்சுக்கு 57.

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பாரில் பொய்க் கணக்குச் சொன்ன குளியாளியை மறுபடி தோணியில் ஏற்றமாட்டார்கள். அதனால் எழுதிவிட்டேன்.

இனிகோ


நாசரேத்
26 ஜனவரி 1944

இனிகோ அவர்களுக்கு,

எழுத்தை நிற்க வைத்திருக்கிறேன்.

தனக்கு விரோதமான கணக்கைத் தானே எழுதி அனுப்புகிறவரை நான் அதிகம் கண்டதில்லை. அதற்காக உங்களை மதிக்கிறேன். ஆனால் கணக்கு கணக்குத்தான். வயலில் ஏழு பறவை இருக்கும் இடத்தில் காட்டில் ஒன்றுதான் என்று நீங்களே சொல்கிறீர்கள். அப்படியானால் காடு போனாலும் பறவைகளுக்குப் பெரிய நஷ்டமில்லை. அவை வயலிலே பிழைத்துக்கொள்ளும்.

மார்ச் முதல் தேதி மாறாது. உங்கள் குடிசையை யாரும் தொடமாட்டார்கள். வயலுக்குக் காவலாக நீங்கள் அங்கேயே இருக்கலாம்.

மனம் வருந்த வேண்டாம்.

ஞானதீபம்


சேசு மரி சூசை துணை

உடங்காடு
4 பிப்ரவரி 1944, வெள்ளிக்கிழமை

டீச்சரம்மா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் நான் காட்டுக்குள் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? நான்காம் நாள் கால் வலித்து ஒரு மரத்தடியில் உட்கார்ந்தேன். எண்ணவும் இல்லை, நடக்கவும் இல்லை. சும்மா இருந்தேன். ஒரு ஜெபமாலை சொல்லி முடிக்கிற நேரம் போயிருக்கும். என் காலுக்குப் பக்கத்தில், சருகுக்குள், ஏழு நிறமும் பூசிய வால் இல்லாத குருவி ஒன்று புழு பொறுக்கிக்கொண்டிருந்தது!

அம்மா, நான் மடையன். சிப்பி நடக்காது, பறக்காது, குளியாளியைக் கண்டு ஒளியாது. பறவை அப்படியா? நான் தடதடவென்று ஓடி வந்து நிற்கிறேன். வயலில் மறைவு இல்லை, உள்ளதெல்லாம் கண்ணில் படும். காட்டிலோ நான் மூச்சுப் பிடிக்கும் முன்பே அவை இலைக்குப் பின்னால் போய்விட்டன. நான் எண்ணியது பறவையை அல்ல, என்னைக் கண்டு பயப்படாத பறவையை.

இன்னொரு தப்பும் செய்தேன். பாரில் சிப்பியின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து எந்தத் துரையும் குளிப்பு நடத்தினதில்லை. சிப்பியைத் திறந்து உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் விலை சொல்வார்கள். மலைபோலச் சிப்பி கிடந்தும் ஒன்றுமில்லாத பார் உண்டு. நான் திறந்தே பார்க்கவில்லை.

அதனால் இரண்டாம் தடவை எண்ணினேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரு ஜெபமாலை நேரம் அசையாமல் உட்காருவது. எத்தனை என்று அல்ல, எத்தனை வகை என்று பார்ப்பது. முப்பது வருஷம் தண்ணீர் அழுத்தியதில் என் காது பாதிதான் கேட்கும். சுடலைமாடத்தியைக் கேட்டேன், வந்தாள். காது அவளுடையது, கண் என்னுடையது. அவள் விரலை நீட்டுவாள், நான் அந்தப் பக்கம் பார்ப்பேன். பேர் தெரியாததற்கு அவளே பேர் சொன்னாள். என் காலடியில் வந்தது ஆறுமணிக்குருவியாம். அவளுக்கும் தெரியாததற்கு நான் மீன் பேர் வைத்துக்கொண்டேன்.

வயலில் ஒன்பது வகை. காட்டில் முப்பத்தி நான்கு.

வயலில் நிற்கும் ஒன்பதில் ஊர்க்குருவி, சில்லை, தூக்கணாங்குருவி, கிளி, புறா என்று ஐந்து வகை கதிர் தின்கின்றன. சிவனாண்டி சொன்னது பொய் இல்லை. ஆனால் அவை எங்கே அடைகின்றன? இதற்கு அவனையே கூட்டிக்கொண்டு மூன்று நாள் பொழுது சாயும்போது வரப்பில் நின்றேன். கிளி மேற்கே மொட்டைப் பனைப் பொந்துகளுக்குப் போயிற்று. ஊர்க்குருவி ஊர்க்கூரைக்குப் போயிற்று. சில்லையும் தூக்கணாங்குருவியும் குளத்துக் கோரைக்குச் சாளைமீன் கூட்டம் மாதிரி மொத்தமாகத் திரும்பிப் போயின. புறாவில் மட்டும் கொஞ்சம் காட்டுக்குள் போயிற்று.

“ஏலே சிவனாண்டி, மத்தது எங்க போச்சு?”

“போறதத்தான் நானும் பாக்கேன். என்கிட்ட என்ன கேக்கீரு?” என்றான். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான்.

காட்டில் இருக்கிறவையோ கதிரைத் தொடவில்லை. கரிச்சான், கீச்சான், தவிட்டுக்குருவி எல்லாம் விடிந்ததும் பருத்திக்குள் இறங்குகின்றன. காயில் விழும் புழுவைத் தேடித் தின்றுவிட்டு ஓடிவந்து முள்ளுக்குள் புகுந்துகொள்கின்றன. வல்லூறுக்குப் பயந்து முள்மரத்தை விட்டு அதிக தூரம் போவதில்லை. காட்டுக்கு எட்டத்தில் இருக்கும் தென்கோடிப் பருத்திக்கு அவை போய் நான் பார்க்கவே இல்லை.

இனி என் பேச்சு போதும். நீங்களே திறந்து பாருங்கள். கரி பஸ் கண்டக்டரிடம் இரண்டு பை கொடுத்தனுப்புகிறேன். ஒன்றில் காட்டை ஒட்டிய பருத்தியின் பச்சைக்காய் நூறு. மற்றதில் தென்கோடிப் பருத்தியின் காய் நூறு. ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு. பறித்தது நான் இல்லை, சிவனாண்டி. கண்ணை மூடிக்கொண்டு கைக்கு வந்ததைப் பறிக்கச் சொன்னேன். பையைத் தைத்தது சுடலைமாடத்தி, ஒன்று சிவப்பு நூலால், ஒன்று வெள்ளை நூலால். எது எந்தப் பக்கம் என்று அவள் எனக்கே சொல்லவில்லை. பாரில் சிப்பி திறப்பதும் இப்படித்தான், குளித்தவன் திறக்கக்கூடாது.

புழு விழுந்த காய் இரண்டிலும் ஒரே அளவு என்றால், மார்ச் முதல் தேதி கோடரிக்காரனுக்குத் தண்ணீர் நானே மொண்டு கொடுப்பேன்.

இனிகோ


நாசரேத்
12 பிப்ரவரி 1944

இனிகோ அவர்களுக்கு,

பைகள் வந்தன. நானும் எங்கள் பள்ளி ரோஸ் டீச்சரும் சாப்பாட்டு மேசையில் தாள் விரித்து ஒவ்வொரு காயாகக் கத்தியால் பிளந்தோம். ரோஸுக்குப் புழு என்றால் அருவருப்பு. நாற்பதாவது காய்க்குப் பிறகு அவளே என் கையிலிருந்து கத்தியைப் பிடுங்கிக்கொண்டாள்.

சிவப்பு நூல் பையில் புழு விழுந்த காய் நாற்பத்தாறு. வெள்ளை நூல் பையில் பதின்மூன்று.

நான் மறுபடி எண்ணினேன். ரோஸ் மறுபடி எண்ணினாள். அதே தொகை.

எது எந்தப் பக்கம்? திரும்பும் தபாலில் எழுதுங்கள். நேற்று கணக்கு வகுப்பில் நின்றுகொண்டே இதை யோசித்து, பிள்ளைகள் சொன்ன தப்பான விடையைச் சரி என்று சொல்லிவிட்டேன். முப்பது வருஷத்தில் இது முதல் தடவை.

ஞானதீபம்


உடங்காடு
16 பிப்ரவரி 1944, புதன்கிழமை

டீச்சரம்மா,

வெள்ளைதான் காடு! வெள்ளைதான் காடு! வெள்ளிக்கிழமை வரை பொறுக்க முடியவில்லை. மேலே சேசு மரி சூசை போடவும் மறந்துவிட்டேன், அவர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

உங்கள் கடிதத்தை வயல் வரப்பில் நின்று உரக்க வாசித்தேன். சுடலைமாடத்தி களை வெட்டியைக் கீழே போட்டாள்.

“செவப்பு தென்கோடி, வெள்ள காட்டுப்பக்கம். எங்க அய்யன் சுடலை சாட்சி,” என்றாள். பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “இந்தாரும், பறவை திங்குது பறவை திங்குதுன்னு ஆள் வச்சு எழுதினீரே, இப்ப யாரு உம்ம பருத்திய காத்தா?”

சிவனாண்டி வரப்பை விட்டு இறங்கினான். தென்கோடிக்குப் போய் நாலு காயைப் பறித்துப் பிளந்து பார்த்தான். திரும்பி வந்து சொன்னான்: “நம்ம பெரியவரு கன்னத்த உப்புனப்ப நான் சிரிச்சிருக்கக்கூடாது. அந்தக் கோடில பாதி காய் பொட்டையா போச்சுன்னா, வருஷா வருஷம் வெயிலு மேலல்லா பழி போட்டேன். காட்டையும் வெட்டிட்டா மொத்த பருத்தியும் இப்படித்தான் ஆகும். டீச்சருக்கு எழுதும், சிவனாண்டி வேண்டாம்னு சொல்லுதான்னு.”

எழுதிவிட்டேன். சிவனாண்டி வேண்டாம் என்கிறான். இன்னும் பதினான்கு நாள்தான் இருக்கிறது, அம்மா.

இனிகோ


நாசரேத்
24 பிப்ரவரி 1944

இனிகோ அண்ணாச்சிக்கு,

காட்டை வெட்டக் கொடுப்பதாக நான் சொன்ன வாக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். கண்டிராக்டருக்கு இன்றே எழுதிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றுவது என் வழக்கமில்லை. என் அண்ணன் எஸ்றா வீட்டுக்கே வந்து, “புழுவுக்காகவா வாக்கு மாறுதே?” என்று சத்தம் போட்டார். மேசையில் இருந்த இரண்டு குவியலையும் காட்டினேன். கொஞ்சம் காயைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு காப்பி கேட்டார்.

தாலுகா ஆபீசுக்கும் நேரில் போனேன். ஆறு ஏக்கர் ஏன் தரிசு என்று கேட்டார்கள். “அது தரிசு இல்லை, பத்து ஏக்கர் பருத்திக்குக் காவல்,” என்று சொல்லி உங்கள் கணக்கை நீட்டினேன். அங்கிருந்த குமாஸ்தா அதைக் கோப்பில் வைத்துக்கொண்டார். பசிக்கிற காலத்தில் காட்டை வைத்திருப்பது பாவம் என்று எழுதினேன் அல்லவா? விளைந்ததைப் புழுவுக்குக் கொடுப்பது அதைவிடப் பெரிய பாவம். எனக்கு அது தெரியாமல் இருந்தது.

தென்கோடி வரப்பு நெடுக உடைமரம் வளர்க்க வேண்டும். எப்படி என்று சிவனாண்டியைக் கேட்டு எழுதுங்கள். ஒவ்வொரு வாரமும் எழுதுங்கள். ரோஸ் இப்போது என்னைவிட முந்தித் தபால்காரரைப் பார்க்கிறாள்.

இந்தக் கடிதத்தை மார்ச் முதல் தேதி வரை பத்திரமாக வைத்திருங்கள். என் கையெழுத்தும் பள்ளி முத்திரையும் இதில் இருக்கின்றன.

ஞானதீபம்


சேசு மரி சூசை துணை

உடங்காடு
3 மார்ச் 1944, வெள்ளிக்கிழமை

அன்புள்ள டீச்சரம்மா அவர்களுக்கு,

வைத்திருக்கச் சொன்னது நல்லதாயிற்று. முதல் தேதி காலையில் மூன்று மாட்டுவண்டியும் எட்டுக் கோடரிக்காரர்களும் வந்துவிட்டார்கள். கண்டிராக்டரின் ஏஜென்டு முன்னால் வந்தார். உங்கள் கடிதம் கிடைக்கவே இல்லை என்றார்.

“எனக்குக் கிடைத்திருக்கிறது, வாசிக்கிறேன்,” என்றேன்.

“கிழவனுக்கு வாசிக்க வேற தெரியுமா? அதக் கொண்டா இங்க,” என்றார்.

கொடுக்கவில்லை. வண்டிப்பாதை நடுவில் நின்று முதல் வரியிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு எழுத்தாகத்தான் எனக்கு வரும். ஏஜென்டு நடுவில் இரண்டு தடவை “போதும்” என்றார். “இன்னும் முடியவில்லை” என்று தொடர்ந்தேன். உங்கள் அண்ணன் காப்பி கேட்டதைக்கூட விடவில்லை. கோடரிக்காரர்கள் நிழலில் உட்கார்ந்து சோற்றுப்பொட்டணத்தை அவிழ்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர், “அந்தப் புழு வரிய இன்னொருக்கா வாசியும் அண்ணாச்சி,” என்று கேட்டார். வாசித்தேன். உங்கள் பேரையும் முத்திரையில் இருந்த பள்ளியின் பேரையும் சேர்த்து வாசித்து முடித்தபோது ஏஜென்டுக்கு வேர்த்துவிட்டது.

“சரி, வண்டியத் திருப்புங்கடே,” என்றார்.

அப்போதுதான் சிவனாண்டி வந்து குறுக்கே நின்றான். “இங்கன திருப்ப எடமில்ல. பருத்திக்குள்ள ஒரு சக்கரம் எறங்கினா விடமாட்டேன். வந்தமாதிரியே பின்னால தள்ளிட்டுப் போங்க.”

மூன்று வண்டியையும் மாட்டை அவிழ்த்து, எட்டுப் பேரும் பின்புறமாகவே ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனார்கள், அம்மா. சுடலைமாடத்தி குலவை போட்டாள். பாதிக் காது உள்ள எனக்கே முழுசாகக் கேட்டது. வெறும் வண்டிகள் போனதும் கரிச்சான் ஒன்று பருத்திக்குள் இறங்கி, வாயில் புழுவோடு மேலே வந்தது. நாங்கள் மூன்று பேரும் கைதட்டினோம்.

தென்கோடிக்கு வழி கிடைத்துவிட்டது. உடைநெற்றைச் சும்மா விதைத்தால் லேசில் முளைக்காதாம். ஆடு தின்று போட்ட விதைதான் முளைக்குமாம். அதனால் நேற்று முதல் சுடலைமாடத்தியின் பதினொரு ஆடுகளையும் நெற்று தின்ன வைத்து, பொழுதெல்லாம் தென்கோடி வரப்பில் கட்டிப்போட்டிருக்கிறோம். காட்டை வளர்க்கிற வேலையை இப்போது ஆடுகள் பார்க்கின்றன. நான் இன்று காலை போய் முளை வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். சிவனாண்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“பெரியவரே, மழை இல்லாம எங்கன மொளைக்கும்? பொரட்டாசி கழியணும்.”

புரட்டாசி முடிய இன்னும் முப்பது வெள்ளிக்கிழமைக்கு மேல் இருக்கிறது, எண்ணிவிட்டேன். அத்தனைக்கும் தாள் வேண்டும். ஜெபசீலன் அச்சாபீசில் மிஞ்சிய தாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார். முதல் கட்டு வரும் புதன்கிழமை வருகிறது. வியாழக்கிழமை எழுதத் தொடங்கினால்தான் வெள்ளிக்கிழமைத் தபாலுக்கு முடியும். ரோஸ் டீச்சரை வாசலில் நிற்கச் சொல்லுங்கள்.

இனிகோ